ஏழு நாடுகளுக்கு ஒரு முடி

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1948 பெப்ரவரி 3ஆம் திகதி இரவு சேர் ஹென்றி மொங்க்-மேசன் மூர் இலங்கையின் தேசாதிபதியாகப் படுக்கைக்குப் போனார். மறுநாள் காலை மகாதேசாதிபதியாக எழும்பினார். நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. ஆள் மாறவில்லை, அவர் இருந்த மாளிகையும் மாறவில்லை. 24 வருடங்களுக்குப் பிறகு, 1972 மே 22ஆம் திகதி, மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லவ குடியரசின் முதலாவது சனாதிபதியானார். அப்போதும் அதே ஆள், அதே மாளிகை. இராணி மாளிகை என்ற பெயர் மட்டும் சனாதிபதி மாளிகை என்று ஆயிற்று. இந்த இரண்டு காலைகளுக்கும் நடுவில் இலங்கைக்கு முதலில் ஓர் அரசரும் பிறகு ஓர் அரசியும் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும், அவர்களுடைய முடி யாழ்ப்பாணத்துக்கு என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பது பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

சுதந்திரம் வந்த பிறகும் வெள்ளைக்கார இராணி எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பங்குக் கிணறு இருக்கிறதல்லவா? கிணறு ஒன்று, உறுதிகள் வேறு வேறு. ஒருவர் தன் முறைக்கு இறைக்கும்போது மற்றவர் வந்து தடுக்க ஏலாது. டொமினியன் முடியும், அதாவது தன்னாட்சி பெற்ற நாடுகள் பகிர்ந்துகொண்ட முடியும், அப்படித்தான் இருந்தது. 1931ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்குப் பிறகு கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அரசர் ஒருவரே, ஆனால் கனடாவில் அவர் கனேடிய அமைச்சர்கள் சொன்னபடி நடப்பார், அவுஸ்திரேலியாவில் அவுஸ்திரேலிய அமைச்சர்கள் சொன்னபடி. இதன் விசித்திரத்தை 1947இன் கடைசியில் காஷ்மீரில் பார்த்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. இரண்டுக்கும் அரசர் ஆறாம் ஜோர்ஜ். சட்டத்தின்படி பார்த்தால் அவர் தன்னோடு தானே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தியா 1950இல் குடியரசாகிவிட்டது. 1949 ஏப்ரலில் லண்டனில் கூடிய மாநாட்டில், குடியரசாகிவிட்டும் பொதுநலவாயத்தில் இருக்கலாம் என்று வழி செய்துகொடுத்தார்கள். எங்கள் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவும் அந்த மாநாட்டில் இருந்தார்; அந்த வழியால் போக அவர் அவசரப்படவில்லை. ஆகவே 1953 யூன் 2ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது எடுத்த சத்தியத்தில் ஏழு நாடுகளின் பெயர்கள் வந்தன: ஐக்கிய இராச்சியம், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, பாகிஸ்தான், கடைசியாக இலங்கை. முடிசூட்டு உடையில் எங்களுக்காக ஒரு தாமரைப் பூவும் தைத்திருந்தார்கள். இலங்கைக்கு அவர் ஏற்ற பட்டத்தில் கடவுளின் அருளும் இல்லை, விசுவாசத்தின் பாதுகாவலர் என்பதும் இல்லை. இலங்கையின் இராணி என்றே தொடங்கியது. பௌத்தர்களும் சைவர்களும் உள்ள நாட்டில் அது புத்தியான ஏற்பாடு. 'இரண்டாம்' என்பது மட்டும் எங்களுக்குப் பொருந்தவில்லை. முதலாம் எலிசபெத்துக்கும் இலங்கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஸ்கொட்லாந்துக்காரர் அந்த எண்ணுக்காக வழக்குப் போட்டார்கள், எடின்பரோவில் ஒரு தபால் பெட்டியையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை.

உண்மையில் பகிர்ந்த முடி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1619இல் பிலிப் டி ஒலிவேரா சங்கிலியனைப் பிடித்து நல்லூர் அரசை முடித்தபோது, இந்தக் குடாநாடு யாருடைய முடிக்குள் போனது? போர்த்துக்கல்லின் முடிக்குள் என்று பாடசாலையில் படித்தோம். சரிதான். ஆனால் அப்போது போர்த்துக்கல்லின் அரசராக இருந்தவர் ஸ்பெயினின் அரசர் மூன்றாம் பிலிப். லிஸ்பனில் அவரை இரண்டாம் பிலிப் என்று எண்ணினார்கள். 1580 முதல் 1640 வரை இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர். ஆகவே நல்லூரின் கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற ஆட்சி, மட்ரிட்டில் இருந்த ஒருவரின் பேரால் நடந்த ஆட்சி. அவர் யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அது ஒரு வியாபாரக் கொம்பனி. 1795இல் ஆங்கிலேயர், அதுவும் முதலில் கொம்பனி, 1802இல்தான் முடிக்குரிய குடியேற்ற நாடு.

கண்டியின் கதை வேறு. 1815 மார்ச்சில் கண்டிப் பிரதானிகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நீக்கப்பட்டான், மூன்றாம் ஜோர்ஜ் கண்டி அரசரின் இடத்துக்கு வந்தார், பௌத்தத்தைக் காப்பதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. வாக்கை எவ்வளவு காத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் வாக்கும் பத்திரமும் இருந்தன. கண்டி அரசின் சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்துக்குப் போயின. 1934இல் குளொஸ்டர் கோமகன் ஹென்றி அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதே கோமகன்தான் 1948 பெப்ரவரி 10ஆம் திகதி தன் தமையன் அரசரின் சார்பில் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அன்று பறந்தது கண்டியின் சிங்கக் கொடி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாக இரண்டு பட்டைகள் சேர்த்து 1951இல் அது தேசியக் கொடியானபோது, கொடிக் குழுவில் உடன்படாமல் நின்றவர் செனட்டர் எஸ். நடேசன் ஒருவர்தான்.

நான் சொல்லவருவது இதுதான். கொழும்பில் 1948இல் நிறுத்தப்பட்ட முடி லண்டன் முடியாக மட்டும் இருக்கவில்லை. அதற்குக் கண்டி வழியாக ஒரு சிங்களப் பரம்பரையும் இருந்தது. நல்லூர் வழியாக ஒரு பரம்பரை இருந்ததாக அந்தச் சடங்குகளில் எவரும் நினைக்கவில்லை. ஏழு நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட முடியை, இந்தத் தீவுக்குள் இருந்தவர்கள் பகிர்ந்துகொள்ளவில்லை.

யாழ்ப்பாணம் முடிக்கு மயங்கிய ஊர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக எழுந்ததுதான்; அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. வராதவருக்குக் கோபுரம் கட்டிய அதே ஊர் 1931இல், ஹண்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் சொன்னதைக் கேட்டு, பூரண சுயராச்சியம் வேண்டுமென்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கில் நான்கு தொகுதிகளுக்கு ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அப்போது தெற்கில் டொமினியன் என்ற சொல்லே பெரிய கேள்வியாக இருந்தது. முழு விடுதலையை முதலில் கேட்ட ஊர், முப்பது வருடம் கழித்து நீதிக்காக லண்டனைப் பார்த்தது. ஏன் என்பதற்குப் பதில் 1948இலேயே தொடங்குகிறது.

சுதந்திர இலங்கையின் சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்பது அதன் சாரம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் சபையில் சிங்களவருக்குப் பாதி, சிறுபான்மையினருக்குப் பாதி என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், கிடைத்தது இது. சுதந்திரம் வந்து ஒரு வருடம் முடியுமுன் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். சட்டத்துக்கு ஒப்புதல் அரசரின் பேரால். அந்தத் தொழிலாளியும் அதே அரசரின் பிரஜை. அப்போது டொமினியனாக இருந்த இந்தியாவுக்கும் அதே அரசர். ஓர் அரசரின் இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓர் அரசரின் பிரஜைக்கு நிற்க இடமில்லை. சட்டத்தை எதிர்த்த வழக்கு, லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் அது அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிரஜாவுரிமைக்குத் தகுதி வகுப்பது ஓர் இனத்தின் மேல் தடை போடுவதாகாது என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தலைவர்களில் ஒரு பகுதியினர் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

1954 ஏப்ரலில் இராணி நேரில் வந்தார். முடிசூட்டு உடையையே அணிந்து, சித்திரை வெயிலில், கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். கண்டி பார்த்தார், பொலநறுவை பார்த்தார். யாழ்ப்பாணம் அந்தப் பயணத்தில் இல்லை. அதே வருடம் சேர் ஒலிவர் குணதிலக்க மகாதேசாதிபதியானார், இலங்கையர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவருக்கு முன்பு இருந்தவர் சோல்பரி பிரபு, யாப்பு எழுதிய ஆணைக்குழுவின் தலைவரே. அவருடைய மூத்த மகன் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் சீடராகிச் சந்தசுவாமி என்று பெயர் பெற்றார். தகப்பனாரும் பிந்திய நாளில், 1963இல் வெளிவந்த ஒரு நூலின் முன்னுரையில், அடிப்படை உரிமைகளுக்கு இன்னும் பலமான காப்பு வைத்திருக்க வேண்டும் என்று வருந்தி எழுதினார். மகனுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது குரு. தகப்பனாருக்குக் கிடைத்தது மனக்குறை.

சேர் ஒலிவரிடம் வருகிறேன். முடி வெறும் அலங்காரம் என்பவர்கள் 1960 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 இடம், சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லி சேனநாயக்க சிறுபான்மை அரசாங்கம் அமைத்தார். சிம்மாசனப் பிரசங்கம் என்பது அரசியின் பேரால் மகாதேசாதிபதி வாசிப்பது. எழுதிக் கொடுப்பவர் பிரதமர். அதன் மீதான வாக்கெடுப்பில் தமிழரசுக் கட்சியும் எதிர்த்து வாக்களிக்க, டட்லியின் அரசாங்கம் விழுந்தது. சுதந்திரக் கட்சி அரசாங்கம் அமைத்தால் ஆதரிப்போம் என்று செல்வநாயகம் மகாதேசாதிபதிக்குத் தெரிவித்திருந்தார். சபையில் பெரும்பான்மை ஆயத்தமாக இருந்தது. சேர் ஒலிவர் அவர்களை அழைக்கவில்லை. தோற்றுப்போன பிரதமரின் ஆலோசனையை ஏற்றுப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 இடங்களோடு வந்தது. தமிழரசுக் கட்சியின் தயவு அதற்கு இனித் தேவைப்படவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். 1961 சனவரியில் நீதிமன்றங்களிலும் சிங்களம் என்ற சட்டம் வந்தது.

தமிழ் வாக்குகளின் மேல் ஒரு மத்திய அரசாங்கம் நின்றிருக்கக்கூடிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. அதைக் கதவோடு திருப்பியனுப்பிய கை முடியின் கை. சட்டப்படி பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் மகாதேசாதிபதிக்குத் தன்விருப்பம் என்று ஒன்று மிஞ்சியிருந்த இடம் அதுதான். அங்கேயும் அது எங்களுக்குப் பயன்படவில்லை.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி சிங்கள ஆட்சிமொழிக் கொள்கையை எதிர்த்து யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுக் கட்சி சொந்த அஞ்சல் சேவை தொடங்கி முத்திரையும் விற்றது. மறியல், கூட்டம், கோஷம் எல்லாவற்றையும் ஏறக்குறைய இரண்டு மாதம் பொறுத்த அரசாங்கம் அஞ்சலைப் பொறுக்கவில்லை. முத்திரை அடிப்பது ஆட்சியின் அடையாளம். மூன்று நாளில் அவசரகால நிலை, இராணுவம், கைதுகள். பிரகடனத்தில் கையெழுத்து மகாதேசாதிபதியுடையது.

இடையில் ஒரு வேடிக்கை. 1962 சனவரிச் சதிப்புரட்சி முயற்சியில் பிடிபட்ட அதிகாரிகள் மீது சுமத்திய குற்றம், இராணிக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தது. அவர்களைத் தண்டிப்பதற்கென்றே செய்த சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைக்கிறது என்று 1965இல் தள்ளிவிட்டு அவர்களை விடுவித்தது இராணியின் பிரிவி கவுன்சில்.

இனி கோடீஸ்வரன் வழக்கு. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இதை நுணுக்கமாகக் கேட்க வேண்டும். கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த தமிழ் எழுதுவினைஞர் அவர். சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. தொகை சிறியது. அவர் வழக்கு வைத்தார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண், ஆகவே அதன்படி வந்த சுற்றறிக்கையும் செல்லாது என்பது வாதம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். யோசித்துப் பாருங்கள், அப்போதைய அரசியலின் அத்திவாரத்தையே ஒரு கிளார்க்கின் சம்பளக் கணக்கு ஆட்டிவிட்டது.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகவே இல்லை. முடியின் ஊழியன் சம்பளத்துக்காக முடி மீது வழக்குத் தொடர முடியாது, ஊழியம் முடியின் விருப்பம் உள்ளவரைதான் என்ற ஆங்கிலேயச் சட்டக் கொள்கையைக் காட்டி வழக்கைத் தள்ளியது. வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கிய அரசாங்கத்துக்குக் கடைசியில் கைகொடுத்தது ஆங்கில முடியின் பழைய சிறப்புரிமை!

1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில் இதைத் திருப்பியது. தீர்ப்பை எழுதியவர் டிப்ளொக் பிரபு. இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வளர்ந்தது. ஒப்பந்த விஷயத்தில் முடி மீது வழக்குத் தொடரும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே ஊழியர் சம்பளம் கேட்டு வழக்காடலாம் என்றார். ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம், ஆங்கிலேய நீதிமன்றத்தில், தமிழ் எழுதுவினைஞரைக் காப்பாற்றியது. பெரிய கேள்வி, அதாவது தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பது, பதிலுக்காக உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பதில் வரவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே இல்லாமற்போனது.

பிரிவி கவுன்சிலைத் தெய்வமாக்க நான் இங்கே வரவில்லை. 1953இல் அது மலையகத் தமிழரைக் கைவிட்டது. ஆனால் கொழும்புப் பாராளுமன்றம் கட்டுப்படுத்த முடியாத ஓர் இடம் இருந்தது என்பதே கொழும்பை உறுத்தியது. 1964இல் இன்னொரு வழக்கில், 29ஆம் பிரிவு இந்த நாட்டின் குடிமக்களுக்கிடையே செய்துகொண்ட புனிதமான சமநிலை, அது மாற்ற முடியாதது என்ற கருத்துப்பட அந்த மன்றம் சொல்லிவைத்தது. அப்படியானால் அந்தப் பிரிவை நீக்க, இருக்கிற யாப்புக்குள் நின்று வழியில்லை. யாப்பையே உடைத்து வெளியே வரவேண்டும். 1970இல் யாப்பு விவகார அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்தில் கூட்டாமல் நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இராணியை நீக்குவதுதான் நோக்கம் என்று மேடைகளில் சொன்னார்கள். இராணியால் யாருக்கு என்ன தொந்தரவு? 1971 யூனில் தமிழரசுக் கட்சி சபையை விட்டு வெளியேறியது.

இங்கேதான் யாழ்ப்பாணத்துச் சட்ட மூளை ஒரு வேலை செய்தது. எங்கள் அப்புக்காத்துமார் பலர் இராணியின் வழக்கறிஞர் என்ற பட்டம் பெற்றவர்கள். செல்வநாயகமும் அவர்களில் ஒருவர். 1972 ஒக்டோபரில் அவர் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்தார். இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் வைத்தார்கள், வென்றார். அவர் சொன்னது, தமிழரின் இறைமை போரில் போர்த்துக்கேயரிடம் போனது, கைமாறிக் கைமாறிப் பிரித்தானிய முடியிடம் வந்தது, 1972இல் அந்தத் தொடர்பை அறுத்தபோது அது எங்கள் சம்மதமில்லாமல் கொழும்புக்குப் போக முடியாது, எங்களிடமே மீண்டுவிட்டது என்பது. 1976இல் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகத் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோர் மீது ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் நடந்த வழக்கில், மு. திருச்செல்வமும் பொன்னம்பலமும் செல்வநாயகமும் நிறைய அப்புக்காத்துமாரோடு போய் நின்றார்கள். குடியரசு யாப்பே செல்லாது என்று திருச்செல்வம் வாதாடினார். சங்கிலியன் 1619இல் இழந்ததை 1976இல் கொழும்பு நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்த வாதம் வழக்கை விடப் பெரிதாக வளர்ந்தது. அமிர்தலிங்கம் 1977இல் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அந்த வாதம் சரியா? வாதமாகக் கூர்மையானது. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முடியோடு தொடர்பு இருந்த 24 வருடமும் எங்கள் இறைமை லண்டனில் பத்திரமாக இருந்தது போல அது பேசுகிறது. 1948இலும் 1960இலும் நடந்தவற்றுக்குப் பிறகு அப்படி நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் உறவுகள் பலர் இன்று கனடாவில் குடியுரிமை எடுக்கும்போது கனடாவின் அரசர் மூன்றாம் சார்ள்சுக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்கிறார்கள். பேரனார் இழந்த முடியைப் பேரப்பிள்ளை ரொறொன்ரோவில் எடுத்துக்கொள்கிறார். அந்த நாட்டின் ஆதிக்குடிகள் முடியோடு செய்த உடன்படிக்கைகளை வைத்திருந்தார்கள். கனடா யாப்பை முழுதாகத் தன் கைக்கு எடுக்கப்போன 1982இல் அவர்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், உங்கள் வாக்கு என்னாகும் என்று கேட்டார்கள். டெனிங் பிரபுவும் மற்ற நீதிபதிகளும், அந்தக் கடமை இப்போது கனடாவின் முடிக்கு உரியது, ஐக்கிய இராச்சியத்தின் முடிக்கு அல்ல என்று திருப்பியனுப்பினார்கள். ஆனால் அதே வருடக் கனேடிய யாப்பின் 35ஆம் பிரிவு அவர்களுடைய உடன்படிக்கை உரிமைகளை அங்கீகரித்தது. முடி பிரியும்போது வாக்குறுதியும் கூடவே போனது, அங்கே.

இங்கே முடியிடமிருந்து கொழும்பு சிந்தாமல் எடுத்துக்கொண்டது காணியை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் காடு, தரிசு, ஆளில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியதென்று ஆங்கிலேயர் ஊகித்துக்கொண்டார்கள். வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தது அந்த நிலத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதற் பெரும் திட்டம் கல்லோயா. 1947ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம் குடியரசு வந்த பிறகும் அரச காணிச் சட்டமாகத் தொடர்ந்தது. யாப்பின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணங்களுக்குத் தருகிறது என்று 1987இல் நம்பினோம். 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம், அரச காணி குடியரசுக்கே உரியது, மாகாண சபைக்கு அதன் மேல் அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. கேள்வி நேரத்தில் காணி பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் 1840இலிருந்து தொடங்கினால் நல்லது. 1987இலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும்.